சூடு யாருடைய குற்றம்?

"அது அப்படித்தான் சார் இருக்கும். சார்ஜர் என்றால் சுடத்தான் செய்யும். சகஜம்."

கண்ணாடிக் கதவும் குளிர்ந்த காற்றும் உள்ள ஒரு சர்வீஸ் சென்டரில், சட்டைப் பையின்மேல் கம்பெனியின் பெயரைத் தைத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞன் என்னிடம் சொன்ன வார்த்தைகள் இவை. அவன்மேல் எனக்குக் கோபமில்லை. இந்த வாக்கியத்தை அவன் சொந்தமாக இயற்றவில்லை. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவன் இதைச் சொன்னபோது எங்கள் இருவருக்கும் நடுவே மேஜைமேல் கிடந்த அந்தக் கறுப்புப் பெட்டி, ஒரு மூலை உப்பி, விளிம்பு பிளந்து, கருகிய நாற்றம் அடித்துக்கொண்டிருந்தது. சகஜம் என்ற சொல்லுக்குள் இவ்வளவு இடம் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நடந்தது இதுதான். திருச்சியில் என் தங்கை வீடு. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள மாடிப் பகுதி. பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம், இரவு முழுவதும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். தங்கையின் மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். சித்திரை மாதம், பரீட்சை நெருங்கிவிட்டது. வீட்டில் உள்ள ஒரே மேஜை, பாங்குப் பரீட்சைக்குப் படிக்கும் அவள் அண்ணனுடையது. இவள் கட்டிலில் உட்கார்ந்து படிப்பாள். பிளக் பாயிண்டும் கட்டிலின் தலைமாட்டில்தான் இருக்கிறது. லாப்டாப்பை மடியிலும் சார்ஜரைத் தலையணை ஓரத்திலும் வைத்துக்கொண்டு படித்தவள், இரண்டு மணி சுமாருக்குக் கண்ணயர்ந்துவிட்டாள். தலையணை சரிந்து சார்ஜரின்மேல் விழுந்திருக்கிறது. நாற்றத்துக்கு விழித்துக்கொண்டவள் என் தங்கை. ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள். தலையணை உறையில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகவில்லை என்றா சொன்னேன்? மறுநாள் காலையில் தீர்ப்பு வழங்கப்பட்டது. மாப்பிள்ளை நல்ல மனிதர். ஆனால் பயந்துபோன நல்ல மனிதர். இரவு ஒன்பது மணிக்குமேல் அவள் லாப்டாப்பைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். அண்ணனுக்கு அந்த உத்தரவு இல்லை. அவன்தான் மேஜையில் வைத்துப் படிக்கிறானே! அன்று மாலை அவள் எனக்குப் போன் செய்து, "மாமா, நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்று கேட்டாள். நானும் மாமன் என்ற முறையில், "இனிமேல் ஜாக்கிரதையாக இரம்மா" என்று வழக்கமான உபதேசத்தைத்தான் சொன்னேன். போனை வைத்த பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் கேட்ட கேள்விக்கு அது பதில் அல்ல. அந்தப் பதிலைத் தேடிக்கொண்டுதான் கருகிய பெட்டியை எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அது போலிச் சரக்கு அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லாப்டாப்போடு கூடவே வந்த ஒரிஜினல். ஐ.எஸ். 13252 என்ற தர எண்ணும், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும், சர்க்கார் முத்திரையும் அதன் வயிற்றில் இருந்தன.

"கட்டில்மேல் வைக்கக்கூடாது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதே, சார்!" என்றான் இளைஞன்.

போட்டிருக்கிறது, நானும் பார்த்தேன். எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில், இங்கிலீஷில், பல பாஷைகளுக்கு நடுவே. தமிழ் அந்தப் பாஷைகளில் இல்லை. மெத்தைமேல் வைக்காதே, துணியால் மூடாதே, கம்பளத்தின்மேல் வைக்காதே, நெடுநேரம் மடியில் வைக்காதே! வாசகர்கள் இந்தக் கடைசி விதியைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். யந்திரத்தின் பெயரே லாப்டாப். நாமும் சிரத்தையாக மடிக்கணினி என்று தமிழில் பெயர் வைத்திருக்கிறோம். அதை மடியில் வைக்காதே என்று செய்தவனே எச்சரிக்கிறான். குடையை விற்றுவிட்டு, மழையில் விரிக்காதே என்று சீட்டு எழுதி வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அந்தச் சீட்டை எழுதியவனின் மனத்தில் ஒரு மனிதன் இருக்கிறான். அவனுக்குத் தனி அறை உண்டு, மேஜை உண்டு, மேஜைக்குக் கீழே வழவழப்பான தரை உண்டு, பக்கத்திலேயே பிளக் பாயிண்ட் உண்டு, அறையில் இருபத்தைந்து டிகிரி குளிர்ச்சி உண்டு. கதாசிரியனாகிய நான் இப்படி ஒரு பாத்திரத்தைப் படைத்து, நம் ஊரில் சராசரி மனிதன் இவன்தான் என்று எழுதினால், வாசகர்கள் காறித் துப்பமாட்டார்களா? 2011-ல் தொடங்கி நம் மாநிலத்தில் லட்சக் கணக்கான பிள்ளைகளுக்குச் சர்க்கார் இலவச லாப்டாப் கொடுத்தது. ஓட்டு வீட்டுக்கும் தகர வீட்டுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் அந்தக் கறுப்புப் பெட்டி போய்ச் சேர்ந்தது. அங்கே பாய்தான் மேஜை.

இதையெல்லாம் என் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். மின் பொறியியல் படித்தவர். "நீ பௌதிகத்தோடு சண்டை போடுகிறாய்" என்று சிரித்தார். அப்புறம், பொறுமையாக, அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று விளக்கினார். சொல்லத் தெரிந்த மனிதர். ஆகையால் எனக்கும் புரிந்தது.

நம்மில் நாற்பது தாண்டியவர்களுக்கு டிரான்ஸிஸ்டர் ரேடியோவுக்குப் போடும் பாட்டரி எலிமினேட்டர் ஞாபகம் இருக்கும். கல்லுப்போல் கனக்கும்; 'உம்'மென்று ரீங்காரம் செய்யும்; அதுவும் சுடும். அதற்குள் இருந்தது இரும்பும் தாமிரமும் சேர்ந்த பெரிய டிரான்ஸ்பார்மர். லாப்டாப் சார்ஜர் வேறு ஜாதி. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏ.சி.யை நான்கு டயோடுகள் திருப்பி, சுமார் 325 வோல்ட் டி.சி.யாக ஒரு கண்டென்சரில் தேக்குகின்றன. பிறகு ஒரு டிரான்ஸிஸ்டர் அதை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிச் சின்னஞ்சிறிய டிரான்ஸ்பார்மருக்குள் அனுப்புகிறது. அவ்வளவு வேகமாக வெட்டுவதனால்தான் டிரான்ஸ்பார்மர் அவ்வளவு சிறிதாக இருக்க முடிகிறது. மறுபுறத்தில் 19 அல்லது 20 வோல்ட் வெளியே வருகிறது. இந்த ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் மின்சாரம் சூடாகச் சிந்துகிறது. அமெரிக்காவில் 2016 பிப்ரவரி முதல் இந்த அளவுப் பெட்டிகள் சராசரி 88 சதவிகிதமாவது திறனோடு வேலை செய்ய வேண்டும் என்று சட்டம். பெட்டியின்மேல் ரோமன் எழுத்தில் ஆறு என்று ஒரு வட்டத்துக்குள் போட்டிருந்தால் அது அந்தச் சட்டத்தின் அடையாளம். சரி, 88 சதவிகிதம் என்றே வைத்துக்கொள்வோம். 65 வாட் வெளியே கொடுக்க 74 வாட் உள்ளே வாங்க வேண்டும். மிச்சம் 9 வாட் சூடு.

"ஒன்பது வாட்தானே?" என்றேன்.

"ஒன்பது வாட்தான். ஆனால் எங்கே போகும்? விசிறி கிடையாது. துவாரம் கிடையாது. சுற்றிலும் பிளாஸ்டிக்; சூட்டைக் கடத்துவதில் பிளாஸ்டிக்கைப்போல் சோம்பேறி வேறில்லை. முழுச் சுமையில் ஓடும்போது, அறையின் வெப்பத்துக்குமேல் முப்பது நாற்பது டிகிரி ஏறுவது சாதாரணம். பாட்டரி காலியாக இருக்கும்போது செருகிவிட்டு, அதே சமயத்தில் பெரிய வேலையையும் வாங்கினால் அதுதான் முழுச் சுமை. உன் மருமகள் அதைத்தான் செய்திருப்பாள்."

பரீட்சைக்கு முதல் நாள் படிக்கிற பெண் வேறு என்ன செய்வாள்?

பௌதிகத்தோடு எனக்குச் சண்டையில்லை. நஷ்டமில்லாமல் ஓடும் யந்திரத்தை யாரும் செய்ததில்லை என்பதை இன்டர்மீடியட் படித்த நானும் அறிவேன். என் சண்டை வேறு. அறையின் வெப்பத்துக்குமேல் நாற்பது என்றாரே, எந்த அறை?

இதற்குப் பதில் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. ஐ.இ.சி. 60950 என்பது இந்தச் சாமான்களுக்கெல்லாம் நெடுநாள் வேதமாக இருந்த சர்வதேச விதி. நம்முடைய ஐ.எஸ். 13252 அதைத் தழுவியதுதான். அதன்படி, மனிதர் தொடக்கூடிய வெளிப்புறம் உலோகமானால் 70 டிகிரி வரை சுடலாம், கண்ணாடியானால் 80, பிளாஸ்டிக்கானால் 95! ஆமாம், அச்சுப் பிழையல்ல. தண்ணீர் கொதிப்பதற்கு ஐந்து டிகிரி குறைவு. பிளாஸ்டிக் தன் சூட்டைக் கைக்கு மெதுவாகத்தான் கொடுக்கும் என்பது இதற்குச் சொல்லும் காரணம், காரணம் உண்மைதான். அப்புறம் வந்த ஐ.இ.சி. 62368 என்ற விதி கொஞ்சம் நாகரிகமானது. எவ்வளவு நேரம் தொடுவாய் என்று கேட்டுக்கொண்டு அளவு சொல்கிறது. ஒரு விநாடிக்குள் கையை எடுத்துவிட்டால் பிளாஸ்டிக் 94 வரை போகலாம். பத்து விநாடிவரை தொடுவதானால் 77. ஆனால் இந்தத் தொடு சூட்டை அளக்கிற அறையின் வெப்பம் என்ன தெரியுமா? இருபத்தைந்து டிகிரி, ஐந்து முன்பின்.

இருபத்தைந்து டிகிரியாம்! சென்னையில் 2003 மே மாதக் கடைசியில் 45 டிகிரி அடித்தது. வேலூரும் திருத்தணியும் மதுரையும் திருச்சியும் கத்திரி வெயிலில் நாற்பதைத் தாண்டுவது பத்திரிகைக்காரர்களுக்கே அலுத்துப்போன செய்தி. அங்கே அறுபது டிகிரியில் நிற்கிற பெட்டி இங்கே எழுபத்தைந்தில் நிற்கும். கூட்டல் கணக்குத்தான், இதற்குப் பொறியியல் படிப்பு வேண்டாம். பல கம்பெனிகள் தங்கள் லாப்டாப்பின் குறிப்புத் தாளில், 35 டிகிரிக்குள் உபயோகிக்கவும் என்று கண்ணியமாக எழுதி வைத்திருக்கின்றன. அப்படியானால் பங்குனி முதல் ஆனி வரை எங்கள் பிள்ளைகள் படிக்கவேண்டாமா? அல்லது ஏ.சி. வாங்க முடியாதவனுக்கு இந்தச் சாமானை விற்கமாட்டோம் என்று கடை வாசலில் பலகை மாட்டுவார்களா? விற்கும்போது இந்த முப்பத்தைந்தைப் பற்றி ஒருவன் வாய் திறப்பதில்லை. கருகிய பிறகு அதுதான் முதல் சாட்சி.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் எலக்ட்ரோலிடிக் கண்டென்சரின் மேலே 105 டிகிரி என்று அச்சடித்திருக்கும். அந்த உஷ்ணத்தில் அதன் ஆயுள் 2000 மணி என்பதுபோல் கம்பெனிப் பட்டியலில் கணக்கு இருக்கும். பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும். பத்து டிகிரி கூடினால் பாதியாகும். எல்லா ரேடியோ மெக்கானிக்குகளுக்கும் தெரிந்த கணக்கு இது. பதினைந்து டிகிரி கூடுதலாகக் கொதிக்கிற ஊரில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆயுள்தான். குளிர்ந்த தேசத்தில் ஒன்பது வருஷம் உழைக்கக்கூடிய சாமான் நம்மிடம் மூன்று வருஷத்தில் மூச்சை விடுகிறது. விலையில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கேட்டுப் பாருங்கள்!

போகட்டும், கண்டென்சர் போனால் மாற்றிக்கொள்ளலாமா? என் சிறு வயதில் எங்கள் தெருக்கோடியில் ஒரு ரேடியோக் கடைக்காரர் இருந்தார். நாலு திருகாணியைக் கழற்றி, உப்பின கண்டென்சரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்துப் பற்றவைத்து, டீக்குக் காசு வாங்கிக்கொள்வார். இந்தப் பெட்டியில் திருகாணியே இல்லை. இரண்டு பாதியையும் உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். ரம்பத்தால் அறுத்தால்தான் உண்டு. அறுத்தாலோ, நீ திறந்துவிட்டாய், எங்களுக்குப் பொறுப்பில்லை என்று பதில் தயாராக இருக்கிறது. ஒரிஜினல் வாங்கக் கடைக்குப் போனால், சொல்லுகிற விலையைக் கேட்டு நடுத்தர வர்க்கத்துக்காரன் திரும்பி வருகிறான்; வருகிற வழியில் நடைபாதைக் கடையில் கால் விலைக்குத் தொங்குகிற ஒன்றை வாங்குகிறான். தூக்கிப் பார்த்தாலே தெரியும், எடை இருக்காது. உள்ளே இருக்கவேண்டிய வடிகட்டிகளும் காவல்களும் இல்லை. உயர்ந்த வோல்ட்டுக்கும் தாழ்ந்த வோல்ட்டுக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளியும் இல்லை. அது நிஜமாகவே ஆபத்தானது. ஆனால் அவனை அங்கே துரத்தியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. "மலிவு சரக்கு வாங்கினால் இப்படித்தான்" என்று அவனுக்கும் ஓர் உபதேசம் கிடைக்கிறது.

உபயோகிக்கிறவன்மேல்தான் குற்றம் என்ற இந்தச் சித்தாந்தம் எவ்வளவு தூரம் நிற்கும்? 2004 அக்டோபரில் டெல் கம்பெனி, மிஞ்சிச் சூடாகித் தீப்பிடிக்கக்கூடும் என்று உலகமெங்கும் 44 லட்சம் அடாப்டர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 2014 ஆகஸ்டில் ஹெச்.பி. கம்பெனி, சார்ஜரைச் சுவரோடு சேர்க்கும் கறுப்பு வயரை, ஏறக்குறைய 60 லட்சத்தை, அமெரிக்காவிலும் கானடாவிலும் திரும்பப் பெற்றது. 2016 தொடக்கத்தில் மைக்ரோஸாப்ட் தன் சர்பேஸ் புரோவின் வயர்களில், அமெரிக்காவில் மட்டும் 22 லட்சத்துக்கு மேல் மாற்றிக் கொடுக்க முன்வந்தது. அந்த வயரை இறுக்கிச் சுற்றினாலும் முறுக்கினாலும் நாளடைவில் கெட்டுப்போகும் என்றார்கள். வயரைச் சுற்றி வைக்காத மனிதன் உலகத்தில் உண்டா? ஆனாலும் "நீ ஏன் சுற்றினாய்?" என்று அங்கே கேட்கவில்லை; மாற்றிக் கொடுத்தார்கள்.

ஹெச்.பி. விஷயத்தில் வந்த புகார்கள் எத்தனை தெரியுமா? இருபத்தொன்பது. 60 லட்சம் வயருக்கு 29 புகார். காயம் என்று சொன்னவர்கள் இரண்டே பேர். அதுவும் லேசான காயம். அந்த இருபத்தொன்பதை ஒரு சர்க்கார் அலுவலகம் உட்கார்ந்து எண்ணியது. எண்ணியதனால்தான் அது பிரச்னையாயிற்று. இங்கே திருச்சியில் கருகிய தலையணையை யார் எண்ணினார்கள்? சர்வீஸ் சென்டர் இளைஞன் ஒரு நோட்டில்கூடக் குறித்துக்கொள்ளவில்லை. சகஜமானதை யார் குறித்துக்கொள்வார்கள்? ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மகளையோ மகனையோ அதட்டிவிட்டு, அதோடு அந்தப் புகாரைப் புதைத்துவிடுகிறோம். கம்பெனிக்காக நாமே சம்பளமில்லாமல் வக்கீல் வேலை பார்க்கிறோம்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சாமானுக்குப் போதுமான உபயோகக் குறிப்போ எச்சரிக்கையோ கொடுக்காமலிருந்தால் அதற்கும் உற்பத்தியாளன் பொறுப்பு என்று எழுதியிருக்கிறது. ஆபத்தான சாமான்களைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை ஒரு மத்திய ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த வீட்டுக்கு இங்கிலீஷில் எறும்பெழுத்தில் அடித்த சீட்டு போதுமான எச்சரிக்கையா என்று ஒருவராவது அங்கே போய்க் கேட்கவேண்டும்.

நண்பர் விடவில்லை. "இதெல்லாம் பழைய கதை. இப்போது காலியம் நைட்ரைடு வந்துவிட்டது. பெட்டி பாதியாகிவிட்டது. ஐரோப்பாவில் லாப்டாப்புகளுக்கும் 2026 ஏப்ரல் 28 முதல் டைப் சி என்ற ஒரே மாதிரிச் செருகிதான் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள்" என்றார். நல்லதுதான். எந்தக் கம்பெனி சார்ஜரையும் எதற்கும் போடலாம் என்றால் விலை இறங்கும். அதை நான் வரவேற்கிறேன். ஆனால் சூடு? புதுச் சரக்கில் சிந்துவது குறைவு என்பது வாஸ்தவம். அந்த லாபத்தை என்ன செய்தார்கள்? பெட்டியைச் சுருக்கினார்கள். சூடு குறைந்தது, அது வெளியேறுகிற பரப்பும் குறைந்தது. கை சுடுவது சுடுகிறபடியே இருக்கிறது. பழைய அளவுப் பெட்டியில் புது வித்தையை வைத்திருந்தால் ஆறிய பெட்டி கிடைத்திருக்கும். ஆனால் ஆறிய பெட்டி விளம்பரத்தில் அழகாகத் தெரியாது. நண்பரும் இதற்கு மறுப்புச் சொல்லவில்லை, காப்பியைக் குடித்தார்.

அவரிடமிருந்து நான் கற்ற ஒரு விஷயத்தை வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படலாம். அதே கம்பெனியின் சார்ஜர், அதே வோல்ட், அதே முனை; ஆனால் ஆம்பியர் மட்டும் கூட இருந்தால் பாதகமில்லை. லாப்டாப் தனக்கு வேண்டியதைத்தான் இழுத்துக்கொள்ளும். 65 வாட் கேட்கிற யந்திரத்துக்கு 90 வாட் பெட்டி போட்டால் அது மூச்சுவாங்காமல் ஓடும். வோல்ட் மாறினால்தான் விபரீதம். இவ்வளவு எளிய சமாசாரத்தைக் கம்பெனிக்காரன் நமக்குச் சொல்வதில்லை, தானும் செய்வதில்லை. தேவைக்கு மேல் ஒரு வாட்கூடக் கூடுதலாகப் போய்விடாதபடி, தங்கம் நிறுப்பதுபோல் நிறுத்து, இறுக்கிப் பிடித்துக் கொடுக்கிறான்.

அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்றே கேள்விகள். உங்கள் சார்ஜரின் வெளிப்புறம் 42 டிகிரி அறையில் முழுச் சுமையில் எத்தனை டிகிரி சுடும்? துணி மூடிவிட்டால் தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்பு அதில் இருக்கிறதா, இருந்தால் அன்றிரவு ஏன் அணையவில்லை? எச்சரிக்கையைத் தமிழில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில், பெட்டியின்மேலேயே அச்சடிக்க என்ன செலவாகும்? பத்து நாளில் மரியாதையான பதில் வந்தது. தங்கள் வாடிக்கைக்கு நன்றி. சாதனத்தை நல்ல காற்றோட்டமுள்ள, உறுதியான சமதளத்தில் வைத்து உபயோகிக்கவும் என்று எழுதியிருந்தார்கள். அதே மூன்று கேள்விகளை, இந்த முறை நம்பர் போட்டு, மறுபடியும் அனுப்பினேன். ஒரு மாதமாகப் பதில் இல்லை. மூன்றாவது கடிதத்தின் நகலை நுகர்வோர் ஆணையத்துக்கும் அனுப்பியிருக்கிறேன்.

இந்தக் கட்டுரையின் கையெழுத்துப் பிரதியைத் திருச்சிக்கு அனுப்பி மாப்பிள்ளையைப் படிக்கச் சொன்னேன். அவர் என்ன நினைத்தார் என்று எனக்கு எழுதவில்லை. தங்கைதான் போனில் சொன்னாள். தலைமாட்டில் இருந்த பிளக் பாயிண்டை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சுவரின் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றிவிட்டாராம். அண்ணன் மேஜைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பலகை அடித்திருக்கிறதாம். ஒன்பது மணி பதினொன்றாகியிருக்கிறது.